கராஜ் கழிவுநீரின் எண்ணெயைப் பற்றீரியாவைக் கொண்டு நீக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கராஜின் வடிகாலுக்கும் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே இருப்பது சிறிதளவு மண்ணும், அதன் கீழ் வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லுமே. நிலத்தில் விட்ட எண்ணெய் எங்கே போய்ச் சேரும் என்பதை எண்ணெய் கலந்து மாசடைந்த சுன்னாகத்துக் கிணறுகள் நமக்குக் காட்டிவிட்டன. ஆகவே வாகனம் கழுவிய நீரை ஊறுகுழியில் விடாமல், ஒழுக்கில்லாத சீமெந்துத் தொட்டிகளில் சுத்திகரிப்பதே முறை.

பற்றீரியாவின் வேலை இரண்டாவது கட்டத்திலேயே தொடங்குகிறது. மிதக்கும் எண்ணெயை முதலில் தடுப்புச்சுவர் வைத்த பிரிப்புத் தொட்டியில் நிறுத்தி, வழித்தெடுத்துப் பீப்பாவில் சேர்க்க வேண்டும். மாற்றிய எஞ்சின் ஒயிலையும் அதே பீப்பாவில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் கரைக்கும் சவர்க்காரத்தை மிகையாகப் பயன்படுத்தினால் எண்ணெய் பால்போலக் கலங்கி, இத்தொட்டியில் பிரியாமலே கடந்துவிடும்.

அடுத்தது காற்றூட்டும் தொட்டி. இதற்குப் புட்டியில் விற்கும் பற்றீரியா கட்டாயமில்லை. எண்ணெய் ஊறிய கராஜ் மண்ணில் சூடோமோனாசு, ரொடோகொக்கசு போன்றவை பெரும்பாலும் ஏற்கெனவே குடியிருக்கும்; அந்த மண்ணில் ஒரு வாளியைக் கரைத்து, தெளிந்த பின் மேல்நீரை ஊற்றினால் போதும். அவை ஒட்டி வளர உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போடலாம். எண்ணெயின் ஐதரோகாபன் (காபனும் ஐதரசனும் இணைந்த) சங்கிலியில் ஒட்சிசனைச் சேர்ப்பதே இவற்றின் முதல் வேலை என்பதால், காற்றுப் பம்பியை இரவிலும் நிறுத்தாமல், கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே செலவைக் குறைக்க முயல்வது முழு முயற்சியையும் வீணாக்கும். நமது வெப்பநிலை இவற்றுக்கு உகந்ததே.

எண்ணெயில் காபன் நிறைய உண்டு. நைதரசனும் பொசுபரசும் இல்லையென்றே சொல்லலாம். 30 கிராம் எண்ணெய் முற்றாகச் சிதைய ஏறத்தாழ 100 கிராம் ஒட்சிசன் தேவைப்படும். அதற்கு 5 கிராம் நைதரசனும் 1 கிராம் பொசுபரசும் என்பது வழமையான விகிதம். அதாவது 11 கிராம் யூரியாவும் 5 கிராம் ரி.எஸ்.பி. எனும் பொசுபரசு உரமும். தோட்ட உரத்தால் ஏற்கெனவே நைத்திரேற்று மிகுந்த நமது நிலத்தடி நீரை நினைத்து, இந்த அளவை ஒருபோதும் மிஞ்சக்கூடாது.

டீசலின் நேர்ச்சங்கிலிகள் விரைவில் சிதையும்; எஞ்சின் ஒயிலின் வளையச் சேர்மங்களுக்குப் பல நாள் எடுக்கும். நீரின் மேல் இன்னும் பளபளப்பான படலம் தெரிந்தால் ஈர்க்கினால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: எண்ணெய்ப் படலம் மீண்டும் ஒன்றுகூடும், இரும்புப் பற்றீரியாவின் படலம் தகடுதகடாக உடைந்து நிற்கும். படலமே தெரியாவிட்டாலும் ஆய்வுகூடப் பரிசோதனை தேவை. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களைப் பற்றீரியா அழிப்பதில்லை. அவை அடிச்சேற்றில் தங்கும். அச்சேற்றை வாழையடியில் கொட்டாமல், மூடிய பீப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெயுடன் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.