மூன்று மரபணுக் கணக்கா? முதலில் நடு மரபணுவைப் பிடியுங்கள்

எட்டு வகைச் சந்ததிகளின் எண்ணிக்கையைக் கொடுத்து குரோமோசோமில் மூன்று மரபணுக்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கேட்டால், கால்குலேட்டரைத் தொடும் முன் மிகப் பெரிய இரண்டு எண்களையும் மிகச் சிறிய இரண்டு எண்களையும் வட்டமிடுங்கள். இரண்டு ஜோடிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பண்பு மட்டும் இடம் மாறியிருக்கிறதோ, அந்த மரபணுதான் நடுவில் இருக்கிறது.

பெரிய எண்கள் பெற்றோர் வகை, அதாவது பெற்றோரிடமிருந்த சேர்க்கை மாறாமல் வந்தவை. சிறியவை இரட்டைக் குறுக்கெதிர் மாற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டு இடங்களில் அறுந்து துண்டு மாற்றிக்கொண்டவை. அதில் இருபுறமும் அறுந்து நடுத்துண்டு மட்டும் கைமாறும். பழ ஈயில் மஞ்சள் உடல், செஞ்சிவப்புக் கண், குறைச்சிறகு மூன்றும் சேர்ந்து வந்த பெற்றோர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மிக அரிய வகையில் மஞ்சள் உடலும் குறைச்சிறகும் அப்படியே இருக்க, கண் மட்டும் சாதாரணமாக இருக்கும். ஆக, கண் மரபணு நடுவில். 1913இல் மரபியலாளர் ஸ்டர்ட்டவன்ட் வெளியிட்ட முதல் மரபணு வரைபடத்திலும் இதே வரிசைதான்!

நடு மரபணுவிலிருந்து இருபுற மரபணுக்களுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடும்போது இரட்டை மாற்ற எண்ணிக்கையை இரு பக்கமும் கூட்ட மறக்காதீர்கள். நம் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள், ஒலிம்பியாடுக்குப் படிப்பவர்கள் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

எட்டு எண்களும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இந்த வழி உதவாது. அங்கே பிணைப்பே இல்லை, அதாவது மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவதில்லை. பெற்றோரில் கலப்பின ஈ ஆணாக இருந்தாலும் உதவாது. ஆண் பழ ஈயில் குறுக்கெதிர் மாற்றம் நடப்பதில்லை.