இரண்டு ஸ்பிரிங்கைச் சேர்த்தால் ஆட்டம் எப்படி மாறும்? லேபில் அளக்கும் முறை

கடலூரில் லேப் நடத்துகிறவர்களுக்கு முதல் வேலை ஸ்பிரிங்கைத் துடைப்பதுதான். மஞ்சக்குப்பம் வரை வரும் உப்புக்காற்றுக்கு ஒரு கோடை விடுமுறை போதும், சுற்றுகளுக்கு நடுவே துரு ஏறிவிடும். துரு தின்ற ஸ்பிரிங்கை ஜோடி சேர்க்காதீர்கள்.

முதலில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் விசை மாறிலியையும் (ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு) தனியாக எடுங்கள். 50 கிராம் 50 கிராமாக ஏற்றி, முள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நெருக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங் என்றால் முதல் எடைக்கு முள் அசையாமல்கூட இருக்கும். அந்த ரீடிங்கை விட்டுவிடலாம்.

அப்புறம் ஆட்டம். ஃபேனை நிறுத்துங்கள், பையன்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. எடையை 2 செ.மீ. இழுத்து விட்டால் போதும். முள் நடுக்கோட்டை, அதாவது எடை அசையாமல் தொங்கும்போது அது நிற்கும் இடத்தை, கீழ்நோக்கிக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். உச்சியில் எடை நின்று திரும்புவதால் எது சரியான நொடி என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில்தான் வேகம் அதிகம். எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்தில் ஆரம்பியுங்கள். 'ஒன்று' என்று ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு 20 அலைவு என்பது 19தான்.

மாறிலி 25 நியூட்டன்/மீட்டர் உள்ள ஒரே மாதிரி ஸ்பிரிங்குகள் இரண்டு, ஹேங்கரோடு சேர்த்து 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் சொந்த நிறையை விட்டுவிட்டால், ஒற்றை ஸ்பிரிங்கில் 20 அலைவுக்கு 11.2 நொடி. தொடரிணைப்பில் (ஒன்றின் கீழ் இன்னொன்று) மாறிலி பாதியாகி 15.9 நொடி. பக்க இணைப்பில் (இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடையைத் தாங்கும்போது) மாறிலி இரட்டிப்பாகி 7.9 நொடி. தொடருக்கும் பக்கத்துக்கும் விகிதம் 2 வர வேண்டும். எக்ஸாமினர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பக்க இணைப்பில் தொல்லை கொடுப்பது, இரண்டு ஸ்பிரிங்கின் கீழ் நுனிகளையும் சேர்த்து எடையைத் தாங்கும் குறுக்குக் கம்பி. அது சாய்ந்தால் எடை மேலும் கீழும் போவதோடு முறுக்கவும் ஆரம்பிக்கும். இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே கொக்கியில் மாட்டிவிடுவது என் வழக்கம். கம்பி வேண்டும் என்றால் அதன் நிறையையும் கணக்கில் சேருங்கள்.

தொடரிணைப்பில் வேறொரு வேடிக்கை. ஒழுங்காக ஏறி இறங்கிய எடை திடீரென்று ஊசல் மாதிரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். யார் கையும் காரணமில்லை. எடையால் வரும் நீட்சி, தாங்கியிலிருந்து எடை வரையுள்ள மொத்த நீளத்தில் கால் பங்கை நெருங்கும்போது, ஊசல் ஒருமுறை ஆடும் நேரத்தில் ஸ்பிரிங் இருமுறை ஆடுகிறது. சக்தி இதிலிருந்து அதற்குப் போய்விடுகிறது. 50 கிராம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியில், அலைவுநேரத்தின் (ஒரு அலைவுக்கு ஆகும் நேரம்) வர்க்கத்தை நிறைக்கு எதிராக வரைபடமாகப் போடுங்கள். சாய்விலிருந்து மாறிலி கிடைக்கும்: 4π²-ஐச் சாய்வால் வகுத்தால் போதும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. ரப்பரை எடுக்க வேண்டாம். ஸ்பிரிங்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கும் எடையோடு சேர்ந்து ஆடுகிறது, அதுதான் காரணம். இரண்டு ஸ்பிரிங் மாட்டியிருந்தால் இரண்டின் மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்கு. கோட்டைப் பின்னால் நீட்டினால், நிறை அச்சில் மைனஸ் பக்கம் அந்த அளவு தெரியும். ஸ்பிரிங்குகளைத் தராசில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.