நீலகிரி வெளிச்சத்தில் வீடியோ: மேனுவல் எக்ஸ்போஷரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றால், சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். சற்று நேரத்தில் எதிர்ச்சரிவே காணாமல் போகும். பிறகு மறுபடியும் வெயில். ஆட்டோவில் விட்ட கேமரா இதைப் பார்த்துத் தடுமாறும். மேகம் வந்து காட்சி மங்கினால் வெளிச்சத்தைக் கூட்டும், வெயில் வந்தால் குறைக்கும். கடைசியில் மேகம் வந்ததே படத்தில் சரியாகத் தெரியாது, படம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மலையில் மேனுவல், அதாவது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) நாமே கையால் வைப்பது, வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். மங்கினால் மங்கட்டும். மேகம் வருவதைத்தானே எடுக்கிறோம்?

டயலை மேனுவலைக் குறிக்கும் எம்-க்குத் திருப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கல்யாண வீடியோ எடுக்க வரும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எம்-லதாங்ணா வெச்சிருக்கேன், அப்புறமும் வெளிச்சம் தானா மாறுதே?" கேமராவை வாங்கிப் பார்த்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் கிடக்கும். ஷட்டரும் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) அப்பெர்ச்சரும் (லென்ஸின் துளை) மட்டும் நம் கையில் இருக்க, மூன்றாவது கேமராவின் கையில் இருந்தால் அது பாதி மேனுவல்தான். ஷாட் ஆரம்பிக்கும் முன் திரையின் ஓரத்தில் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒயிட் பேலன்ஸையும் அப்படியே பூட்டிவிடுங்கள். வெயிலிலிருந்து மேகத்துக்குள் போகும்போது நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் அலைந்தால், எக்ஸ்போஷரைச் சரியாகப் பிடித்தும் பயனில்லை.

இதே வகையில் இன்னொன்று, கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ். 18–55 லென்ஸில் எஃப் 3.5–5.6 என்று எழுதியிருப்பதன் பொருள், ஜூம் செய்யச் செய்ய லென்ஸின் வாய் சுருங்கும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) என்பதுதான். அகலத்தில் 3.5 வைத்து ஆரம்பித்து முகத்துக்கு ஜூம் போனால் ஒரு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) மேல் இருண்டுவிடும். இந்த லென்ஸோடு வேலை செய்பவர்கள் ஆரம்பத்திலேயே 5.6 வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

மீட்டர் பூஜ்யம் காட்டினால் சரி என்று நம்புவது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மலையில் கெட்டுப்போகும் காட்சிகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

வெளிச்சத்தை அளந்து கூடுதலா குறைவா என்று காட்டும் கேமராவின் மீட்டருக்கு, எதிரே இருப்பது என்ன என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடும். புல்வெளி, வெயிலில் இருக்கும் தார்ச்சாலை போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மூடுபனிக்குப் பொருந்தாது. மூடுபனி வெளிச்சமானது. மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் அது அழுக்குச் சாம்பலாகப் பதியும், அதற்குள் நிற்கும் மரங்கள் கரியாகிவிடும். மூடுபனி ஃப்ரேமை நிறைத்திருந்தால் மீட்டர் 1 முதல் 1.5 ஸ்டாப் வரை கூடுதலாகக் காட்டும்படி வையுங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்குமே, அதற்கும் இதே கணக்குதான்.

நீலகிரியில் வாழும் படுகர்களின் எத்தையம்மன் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரகணியில் கூடும் கூட்டம் முழுக்க வெள்ளை உடை. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைப் போர்வை, மேலே வெளிறிய வானம். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அனுமதித்த இடத்தில் நின்று மீட்டரை நம்பி எடுத்தீர்கள் என்றால் என்ன நடக்கும்? வெள்ளை முழுவதும் சாம்பலாகும், அதற்கு நடுவே மாநிற முகங்கள் இருளில் போய்விடும். அந்தக் கூட்டத்தில் பார்ப்பவர் தேடுவது முகங்களைத்தான்.

இதற்கு எளிய வழி உள்ளங்கை. மீட்டரை ஸ்பாட்டில், அதாவது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறையில், வையுங்கள். எடுக்கப்போகும் ஆள் மேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, ஃப்ரேமின் நடுவில் கொண்டுவந்து, மீட்டர் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் காட்டும்படி அப்பெர்ச்சரையோ ஐஎஸ்ஓ-வையோ மாற்றுங்கள். உடம்பின் நிறம் எப்படி இருந்தாலும் உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது, அதனால்தான் இது வேலை செய்கிறது. பிறகு கையை எடுத்துவிடுங்கள். வெள்ளை உடை வந்ததும் மீட்டர் இன்னும் மேலே ஏறும். ஏறட்டும், தொடாதீர்கள்.

குறிப்பிட்ட வெளிச்ச அளவை எட்டிய இடங்களில் திரையில் தோன்றும் ஸீப்ரா கோடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பல பாடங்கள் முகத்துக்கு ஸீப்ராவை 70-இல் (சதவீதம்) வைக்கச் சொல்கின்றன. அது வெளிறிய தோலுக்கான அளவு. நம் ஊர் முகங்களை 70-க்குத் தூக்கினால் முகத்தின் இயல்பான நிறமே போய், நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவதுபோல் பளபளக்கும். வழக்கமான வண்ண அமைப்பில் மாநிறத்துக்கு 50 முதல் 60 வரை சரியாக இருக்கும், அதைவிடக் கருத்த முகத்துக்கு இன்னும் சற்றுக் கீழே. முகத்தை வெளுக்கவைத்தால்தான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று ஒரு பழக்கம் நம் கல்யாண வீடியோக்களில் ஊறியிருக்கிறது. அதை விட்டுவிடலாம். சரியாக எக்ஸ்போஸ் செய்த கருத்த முகத்தில் இருக்கும் செழுமை, வெளுத்த முகத்தில் வரவே வராது.

இரண்டாவது ஸீப்ரா இருந்தால் அதை 95 அல்லது 100-இல் வைத்து, வெள்ளை எரிந்துபோகிறதா (விவரம் இல்லாமல் வெறும் வெள்ளையாகிறதா) என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வானத்தின் ஒரு மூலை எரிந்தால் குடிமுழுகிப் போகாது. போர்வையின் மடிப்புகள் எரிந்தால் அவை எடிட்டிங்கில் திரும்பி வராது.

ஷட்டரை வெளிச்சம் குறைக்கும் கருவியாக்குவது

போட்டோவில் வெளிச்சம் அதிகம் என்றால் ஷட்டரை 1/1000-க்குத் தள்ளுவது சகஜம். அந்தப் பழக்கத்தோடு வீடியோவுக்கு வந்தால் அசைவு கெடும். கொழுந்து பறிக்கும் அக்காவின் விரல்களை 1/1000-இல் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் வெட்டி ஒட்டியதுபோல் விரல்கள் துடிக்கும். அதே கையை 1/50-இல் எடுத்தால் விரல் போகும் பாதையில் லேசான கலங்கல் இருக்கும், கண்ணுக்கு அதுதான் இயல்பாகப் படும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50, ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேம் என்றால் 1/100. ஏறக்குறைய இரட்டிப்பு என்பது கணக்கு. ஸ்லோமோஷன் முடிந்து 25-க்குத் திரும்பும்போது ஷட்டரையும் திருப்ப மறப்பவர்கள் ஏராளம்.

சரி, 1/50-இல் நிறுத்திவிட்டால் வெயிலை என்ன செய்வது? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 22 வரை போக வேண்டிவரும். அவ்வளவு சிறிய துளையில் வெளிச்சம் விளிம்பில் சிதறி, படம் கூர்மை இழக்கும். தூரத்து மலைமடிப்புகள் மொழுமொழுவென்று ஆகிவிடும். எஃப் 4-இல் எடுக்க விரும்பினால் அங்கிருந்து 5 ஸ்டாப் குறைக்க வேண்டும். அந்த 5 ஸ்டாப்பை, லென்ஸின் முன் மாட்டும் சாம்பல் நிறக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் குறைக்கும்: என்.டி.8 என்றால் 3 ஸ்டாப், என்.டி.32 என்றால் 5, என்.டி.64 என்றால் 6. லாக் வகையில் (பிறகு நிறம் திருத்துவதற்காகப் படத்தைத் தட்டையாகப் பதியும் முறை) எடுப்பவர்களுக்கு இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் பல கேமராக்களில் லாக் போட்டதும் ஐஎஸ்ஓ 640, 800 என்று ஆரம்பிக்கும், அதற்குக் கீழே இறங்காது. 100-க்கும் 800-க்கும் இடையில் மட்டும் 3 ஸ்டாப்.

திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி. நீலகிரிக்கு மிகவும் ஏற்றது, வெளிச்சம் மாறிக்கொண்டே இருப்பதால். கடைசி எல்லை வரை திருகினால் வானத்தில் குறுக்காக ஒரு கறுப்புப் பெருக்கல் குறி விழும், அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். லென்ஸ் வாங்கும் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது ஒரு நல்ல என்.டி. வாங்குங்கள் என்பேன். மலிவானவை வெயிலைக் குறைக்கும்போதே படத்துக்கு ஒரு பச்சைச் சாயமும் ஏற்றிவிடும், தேயிலையின் பச்சையில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

டீ பேக்டரிக்குள் 1/60

யூடியூபில் அமெரிக்கர்கள் சொல்லித்தருவதைப் பார்த்து 30 ஃப்ரேம், 1/60 என்று வைத்துக்கொண்டு டீ பேக்டரிக்குள் நுழைபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50 ஹெர்ட்ஸ். நம் டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50-உம் 1/100-உம் இந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். 1/60 ஒத்துப்போகாது, படத்தில் பட்டை பட்டையாக நிழல் நகரும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளிலும் இது வரும். அதை எடிட்டிங்கில் நீக்குவது கடினம். கேமரா மெனுவில் என்.டி.எஸ்.சி. (அமெரிக்க வீடியோ முறை) என்று இருந்தால் நம் ஊருக்கான பால் (PAL) முறைக்கு மாற்றிவிடுங்கள், 25-உம் 50-உம் அதில்தான் வரும். 30 ஃப்ரேம்தான் வேண்டும் என்றால் ஷட்டரையாவது 1/50-இல் வையுங்கள். 100 ஃப்ரேமுக்கு 1/200 போட்டு டியூப்லைட்டின் கீழ் ஸ்லோமோஷன் எடுக்காதீர்கள். ஜன்னலோரம் நகர்ந்துவிடுங்கள்.

அதே பேக்டரியில், அதே கல்யாண மண்டபத்தில் இன்னொரு தவறும் நடக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக விழுமே என்ற பயத்தில் ஐஎஸ்ஓ-வை 400-க்கு மேல் ஏற்றாமல் இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தூக்குவார்கள். சாதாரண 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இருட்டுக்குள் இருக்கும் சில படிகளை இழுத்து நீட்டினால் புள்ளியும் வரும், சுவரில் வரி வரியாகப் பட்டையும் வரும். 1600-இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்தது, 400-இல் இருட்டாக எடுத்துத் தூக்கியதைவிட நன்றாகவே இருக்கும்.

திரையைப் பார்த்து முடிவு செய்வது

தொட்டபெட்டா 2,637 மீட்டர். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து, வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம் குறைவாக இருக்கும். தெளிந்த நாளில் வெயில் பட்ட இடம் கண்ணைப் பறிக்கும், நிழல் சமவெளியைவிட ஆழமாக விழும். அந்த வெயிலில் கேமராவின் திரை மங்கலாகத் தெரியும். மங்கலாக இருக்கிறதே என்று ஒரு ஸ்டாப் கூட்டுவீர்கள், வானம் போய்விடும். சோலைக்காட்டுக்குள் நேர் எதிர்: திரை பளிச்சென்று தெரிவதால் குறைப்பீர்கள், அடிமரமெல்லாம் கருப்பாகும். திரையின் பிரகாசத்தை ஒரே அளவில் பூட்டிவிட்டு ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். வ்யூஃபைண்டர் இருந்தால் கண்ணை அதில் ஒட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

மலை ரயில்

எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் நீராவி ரயிலை எடுக்கப் போங்கள். கறுப்பு எஞ்சின், வெள்ளை ஆவி, நீலப் பெட்டிகள், பின்னால் இருண்ட காடு. மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், ஆகவே முதலில் வருவது பெட்டிகள்தான். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஃப்ரேமை நிறைத்திருக்கும் நேரத்தில் மீட்டரைப் பார்த்தால் கறுப்பைச் சாம்பலாக்க அது கூட்டச் சொல்லும். கூட்டினால், ஆவி சீறும் கணத்தில் வெள்ளைப் பிழம்பாக எரிந்து, அதன் சுருள்கள் ஒன்றுகூட மிஞ்சாது. எஞ்சின் வருவதற்கு முன்பே, வெயிலில் இருக்கும் புல்லுக்கு மீட்டரைச் சரிசெய்து, அதிலிருந்து அரை ஸ்டாப் குறைத்துப் பூட்டிவிடுங்கள். எஞ்சின் கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு கறுப்பாக இருக்கட்டும்.

பெட்டிக்குள் உட்கார்ந்து எடுத்தால் வேறு கதை. ஊட்டி வரையிலான இந்த மலை ரயில் பாதையில் 16 குகைகள். ஜன்னலோரம் இருக்கும் குழந்தையின் முகத்துக்கு வைத்தால் வெளியே பள்ளத்தாக்கு வெளுக்கும், பள்ளத்தாக்குக்கு வைத்தால் முகம் நிழலுருவமாகும். இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்க முயலாமல் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஷாட் ஓடும்போது அப்பெர்ச்சர் டயலைத் திருப்பினால் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகப் படம் குதிப்பது பளிச்சென்று தெரியும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் வேரியபிள் என்.டி.யை மெல்லத் திருகுங்கள், இல்லாவிட்டால் குகையின் இருட்டில் படம் முழுக்கக் கறுக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இருட்டு உங்களுக்கு இயற்கையாகக் கிடைத்த வெட்டு.

கடைசியாக, எக்ஸ்போஷர் தவறுபோலவே தோன்றும் ஒன்று. குளிரில் இருந்த கேமராவோடு கதகதப்பான டீ பேக்டரிக்குள்ளோ சமையற்கட்டுக்குள்ளோ நுழைந்ததும் லென்ஸின் மேல் ஆவி படியும். படம் வெளுத்து, கறுப்பெல்லாம் சாம்பலாகும். வெளிச்சம் ஓவர் ஆகிவிட்டது என்று அப்பெர்ச்சரை மூடினால், ஆவி காய்ந்ததும் எடுத்த அத்தனையும் இருட்டாக இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் லென்ஸின் கண்ணாடியை ஒரு முறை பாருங்கள். உள்ளே போகும் முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, உள்ளே போனபின் கால் மணி, இருபது நிமிடம் அப்படியே விட்டு எடுத்தால் ஆவி பெரும்பாலும் படியாது.