குட்டிப் பிள்ளையோட காட்டுப்பக்கம் போறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

தண்ணி எடுத்துக்கோங்க, தொப்பி போடுங்க, குப்பைய அங்க போடாதீங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, நான் வேற சொல்ல வேண்டாம். மூணு நாலு வயசுப் பிள்ளைய கூட்டிக்கிட்டு முதல் தடவையா வர்ற குடும்பங்கள், நாங்க ஒரு காலத்துல எதையெல்லாம் பண்ணிட்டு முழிச்சோமோ அதையே அச்சு பிசகாம பண்றாங்க. பாதி தப்ப சிரிச்சுட்டு விட்டுடலாம். ஒண்ண மட்டும் பாத்தா இன்னைக்கும் எரிச்சல் வருது, அதனால அதை நீட்டி முழக்கத்தான் போறேன்.

போற தூரத்தை மட்டும் கணக்கு போடுறது

அருவி ரெண்டு கிலோமீட்டர் தானே, நம்ம பய ஓடியே போயிடுவான்னு கிளம்புவாங்க. போயிடுவான், அதுல சந்தேகமே இல்ல. திரும்பி வர்ற ரெண்டு கிலோமீட்டர யாரு நடக்குறது? காலைல நல்லா தூங்கி எழுந்த பிள்ளை குதிச்சு குதிச்சு போகும், நமக்கும் பாக்க ஆசையா இருக்கும், அப்படியே கடைசி வரைக்கும் விட்டுடுவோம், அங்க போய் தண்ணில ஒரு மணி நேரம் ஆட்டம், அப்புறம் சரியா மதியத் தூக்கம் வர்ற நேரமா பாத்து திரும்ப ஆரம்பிப்போம். பத்து நிமிஷத்துல "தூக்கு"ன்னு ரெண்டு கையும் மேல வந்துடும்.

வழில போர்டுல ஒரு மணி நேரம்னு போட்டிருந்தா அது பெரியவங்க நடைக்குப் போட்டது. 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, மணிக்கு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். இன்னைக்கும் நிறைய பேர் இதை வச்சுத்தான் பிளான் போடுறாங்க. நிக்காம நடக்குற ஆளுக்கு அது சரி. எறும்பு வரிசையப் பாத்ததும் குத்த வச்சு உக்காந்து, குச்சிய குறுக்க வச்சு, அது எந்தப் பக்கம் சுத்திப் போகுதுன்னு பாத்து முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காத ஆளுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மணிக்கு ஒரு கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல போனா லாபம்.

ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்துச்சு, இறங்கி வந்துட்டு இருக்கோம். முன்னாடி ஒரு அப்பா, தோள்ல பிள்ளை. பிள்ளை தூங்கி அவர் தலை மேலயே கவுந்து கிடக்கு. ஒரு கை பிள்ளையோட கணுக்கால்ல, இன்னொரு கைல போன் டார்ச். பாறை பூரா பாசி. கழுத்து அசைக்க முடியாததால குனிஞ்சு தன் கால் எங்க வைக்கிறோம்னே அவருக்குத் தெரியல, பாதத்தால தடவித் தடவி இறங்குறாரு. பின்னாடி அம்மா ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு. வழுக்கினா ஊன்ற ஒரு கை கூட காலி இல்ல, பிள்ளை ஆள் உயரத்துல இருந்து நேரா பாறைல விழும். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. பிள்ளைய இறக்கச் சொல்லி, வழுக்குற இடத்துலெல்லாம் ஒருத்தர் முதல்ல கீழ இறங்கி நின்னுக்கிட்டு, மேல இருக்கவங்க பிள்ளைய கைமாத்தி விட, அப்படியே இறக்கினோம். இருட்டித்தான் போச்சு. "அருவி வரைக்கும் நல்லாத்தான் சார் நடந்தான்"னு அவர் நாலு தடவை சொல்லிட்டாரு. அட, நல்லா நடந்ததுனால தான் சார் இந்தக் கதி!

கிளம்புறதுக்கு முன்னாடியே எத்தனை மணிக்கு திரும்பணும்னு முடிவு பண்ணி ரெண்டு பேரும் வாய் விட்டு சொல்லிக்கோங்க. கையில இருக்க நேரத்துல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, மிச்சம் நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும். மணி ஆச்சுன்னா எங்க நிக்கிறீங்களோ அங்கேயே திரும்பிடுங்க, அருவிச் சத்தம் கேட்டாலும் சரி. "இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம் தானே"ன்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, அவங்கள நம்பாதீங்க. பிள்ளை அருவி வேணும்னு கேட்டுச்சா என்ன? அதுக்கு அந்த எறும்பே போதும், போட்டோ நமக்குத்தான் வேணும்.

முதுகுல மாட்டித் தூக்குற கேரியர்ல இருக்க பிள்ளைக்கும் நமக்கு மாதிரியே வேர்க்கும்னு நினைக்கிறது

நீங்க தூக்கிட்டு ஏறுறீங்க, உங்களுக்கு சட்டை நனையுது. அது ஒரு வேலையும் இல்லாம காத்துல உக்காந்திருக்கு, கால் வேற தொங்குது. மலைல இதுலயே பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். கை சில்லுன்னு இருக்கறத வச்சு முடிவு பண்ண முடியாது, பிடரிலயும் நெஞ்சுலயும் கைய வச்சுப் பாருங்க. வெயில்ல இதுக்கு நேர் எதிர், கேரியர துணி போட்டு மூடினா உள்ள வெந்துடும்.

புது ஷூ

அன்னைக்கு வேண்டாம்.

"இயற்கை" லேபிளப் பாத்து பூச்சி மருந்து தடவுறது

லெமன் யூகலிப்டஸ் ஆயில் மூணு வயசுக்குக் கீழ கூடாது, டீட் (DEET)னு பூச்சிய விரட்டுற ரசாயனம் இருக்கற மருந்து ரெண்டு மாசத்துக்குக் கீழ கூடாது. எந்த வயசா இருந்தாலும் பிள்ளையோட கைல தடவாதீங்க, அடுத்த நிமிஷம் அந்தக் கை வாய்க்குள்ள இருக்கும். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு சன்ஸ்க்ரீன தேடுறத விட நிழலத் தேடுங்க.

தண்ணிகிட்ட எல்லாரும் பாத்துக்கிறது

எல்லாரும் பாத்துக்கிட்டா யாரும் பாக்கலன்னு அர்த்தம். பேர் சொல்லி ஒருத்தர நிறுத்துங்க, கைக்கு எட்டுற தூரத்துல, போன் இல்லாம. மூழ்குற பிள்ளை பெரும்பாலும் கத்தாது.

தொலைஞ்சா என்ன பண்ணணும்னு பிள்ளைக்கு சொல்லாம விடுறது

பயமுறுத்த வேண்டாம்னு விட்டுடுறாங்க. "எங்கள காணோம்னா பக்கத்துல இருக்க ஒரு மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே இரு, விசில் ஊது", இவ்ளோ தான் சொல்லணும். அமெரிக்கால 1981-ல காட்டுல ஒரு சின்னப் பையன் தொலைஞ்சு இறந்துபோன பிறகு இதையே ஒரு பயிற்சியா ஆரம்பிச்சு பிள்ளைகளுக்கு சொல்லிக் கொடுக்குறாங்க. இதோட இன்னொண்ணும் சொல்லிடுங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டு யாராவது தேடி வந்தா ஒளியக் கூடாது, திட்ட மாட்டோம். திட்டு விழும்னு பயந்து புதருக்குள்ள பதுங்குற பிள்ளைங்க உண்டு. கிளம்பும்போது அன்னைக்குப் போட்டிருக்க டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பதட்டத்துல சட்டை என்ன கலர்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே படுத்துடுறது

உண்ணி இருக்கான்னு பாத்துட்டு படுங்க. காது பின்னாடி, முடிக்குள்ள, அக்குள், தொப்புள், முழங்காலுக்குப் பின்னாடி. இருந்தா சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, தீக்குச்சியால சுடுறது, எண்ணெய் தடவுறதுன்னு வைத்தியமெல்லாம் வேண்டாம். அடுத்த நாட்கள்ல காய்ச்சலோ தடிப்போ வந்தா டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதையும் சேத்து சொல்லுங்க.