லிஃப்ட் கிட் மாட்டுகிறீர்களா? புஷ் போல்ட்டில் அவசரம் வேண்டாம்

மண்டபம், உச்சிப்புளி பக்கத்து மணல் தடங்களுக்காக மஹிந்திரா தார், பொலிரோ வண்டிகளை லிஃப்ட் கிட் (வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் ஸ்பிரிங் முதலான பாகங்கள்) மாட்டி உயர்த்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. அப்போதைக்குக் கையிறுக்கம் போதும். நான்கு டயரும் தரையில் நின்று, முழு எடையும் இறங்கியபிறகுதான் டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், ஓட்டமும் விறைப்பாக இருக்கும். பழி என்னவோ புது ஸ்பிரிங் மேல்தான் விழும்!

அப்புறம் நம்ம உப்புக்காற்று. போல்ட் புஷ்ஷுக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போதே போல்ட்டின் உடம்பில் ஆன்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் கிரீஸ் போன்ற பூச்சு) பூசுங்கள். மரையில் பட்டால் டார்க் கணக்கு மாறிவிடும், துடைத்துவிடுங்கள். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வண்டி என்றால், பட்டையை அச்சோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள்.

உயரம் 2 அங்குலமே தாராளம். மணலில் டயர் காற்றைக் குறைப்பதுதான் அதைவிடக் கைகொடுக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். மாட்டிய அன்றே அலைன்மென்ட், ஹெட்லைட் குறி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கிப் பார்க்கவும்.