சீன ராணுவம்தான் என் சப்ஜெக்ட்னு சொல்லுத நெல்லைப் புள்ளைகளுக்கு

டிவியில பாதுகாப்பு நிபுணர்னு வந்து பேசுதாங்கல்லா, அந்த மாதிரி ஆகணும், அதுவும் சீனா பத்திதான்னு பாளையங்கோட்டையில டிகிரி படிக்கிற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்காங்க. தாராளமா ஆகலாம். ஆனா மொத வேலை சீன மொழியான மாண்டரின் படிக்கது. பிஎல்ஏவோட, அதாவது சீன ராணுவத்தோட பேப்பர், அவங்க ஆளுங்க எழுதுத கட்டுரை எல்லாம் சீனத்துலதான் முதல்ல வருது, இங்கிலீஷ்ல வந்தத மட்டும் படிச்சா அடுத்தவன் மென்னு துப்புனதுதான் நம்ம கைக்கு வரும். இப்பவே ஆன்லைன்ல ஆரம்பிச்சு சீன மொழிக்கான எச்எஸ்கே பரீட்சைய ஒவ்வொரு லெவலா எழுதிக்கிட்டே போங்க. டெல்லி ஜேஎன்யூவுல சீன மொழிக்கே டிகிரி இருக்கு, மெட்ராஸ் யுனிவர்சிட்டியில பாதுகாப்பு ஆய்வுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கு.

அடுத்து அந்த ராணுவத்தோட அமைப்பு மனப்பாடமா தெரியணும். 2016ல ஏழு ராணுவ மண்டலத்தக் கலைச்சு அஞ்சு தியேட்டர் கமாண்டா, அதாவது ஒரு பகுதியில இருக்க படையெல்லாம் ஒரே தலைமைக்குக் கீழ வர மாதிரி ஆக்குனாங்க, நம்ம எல்லையப் பாக்கது செங்டூவுல இருக்க மேற்கு கமாண்ட். 2015 கடைசியில விண்வெளி, சைபர் எல்லாத்தையும் ஒண்ணாக்கி ஸ்ட்ராட்டஜிக் சப்போர்ட் ஃபோர்ஸ்னு தொடங்குனாங்க, 2024 ஏப்ரல்ல அதையும் கலைச்சுட்டாங்க. பழைய புக்க நம்பி அது இன்னும் இருக்குன்னு இன்டர்வியூல சொன்னீங்கன்னா அங்கனயே கதை முடிஞ்சுரும். 2019ல சீனா வெளியிட்ட பாதுகாப்பு வெள்ளை அறிக்கையையும் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் வருஷா வருஷம் போடுத சீன ராணுவ ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ரெண்டும் எங்க முட்டுதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க, உங்க ஆராய்ச்சிக்கான கேள்வி அங்கதான் கெடக்கு.

2020ல லடாக் கல்வான்ல இந்திய, சீன ராணுவம் மோதுனதுக்கு அப்புறம் எல்லாரும் லடாக்கையே எழுதுதாங்க. நமக்குக் கடல்தான் பக்கம், அதப் புடிங்க. நீர்மூழ்கிக்கு சிக்னல் அனுப்புத நேவி தளம் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நம்ம விஜயநாராயணத்துலதான் இருக்கு, 2017ல சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போன ஹம்பாந்தோட்டை துறைமுகம் இலங்கையோட தென்கரையில இருக்கு. இலங்கைக்கு வந்து போற சீனக் கப்பலைக் குறிச்சு வைக்க ஒரு எக்செல் ஃபைல் திறங்க. முதல் வரியில யுவான் வாங் 5, ஹம்பாந்தோட்டை, வந்தது 2022 ஆகஸ்ட் 16, போனது 22. அடுத்து ஷி யான் 6, கொழும்பு, 2023 அக்டோபர். கடைசிக் கட்டத்துல அந்தச் சமயம் டெல்லி என்ன சொல்லுச்சு, கொழும்பு என்ன சொல்லுச்சுன்னு எழுதுங்க. ரெண்டு வருஷம் விடாம இதச் செஞ்சா உங்ககிட்ட இருக்கது வேற எவன்கிட்டயும் இருக்காது. எல்லாமே வெளிப்படையா வந்த தகவலா இருக்கட்டும், நேவி பேஸ் பக்கம் போயி போட்டோ எடுக்க வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், கேஸாயிரும்.

சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், வீட்டுல பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுவாங்க, அவங்க பயமும் நியாயந்தான், அதனால கூடவே யூபிஎஸ்சி இல்லன்னா காலேஜ் வாத்தியாராக எழுதுத நெட் பரீட்சைக்கும் படிங்க. அந்த எக்செல்ல இருந்து ஒரே ஒரு கேள்விய எடுத்து ரெண்டு பக்கம் எழுதி, சென்னை சீன ஆய்வு மையம், டெல்லியில இருக்க பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஐடிஎஸ்ஏ மாதிரி இடங்கள்ல இன்டர்ன்ஷிப் இருக்கான்னு கேட்டு அதோட சேத்து அனுப்புங்க. பதில் வரலன்னா அடுத்த மாசம் வேற கேள்விய எடுத்து எழுதி மறுபடி அனுப்புங்க.