விசா ஸ்பான்சர்ஷிப்போடு வெளிநாட்டு வேலை: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது

ஸ்பான்சர்ஷிப் தேடும் பலரும் முதலில் நாட்டை முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் லிங்க்ட்இன்னில் கண்ணில் படுகிற வேலைக்கெல்லாம் ஒரே ரெஸ்யூமைத் தட்டிவிட்டு, மாதக்கணக்கில் பதில் வராமல் போனதும், நமக்குத்தான் தகுதி போதவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பல சமயம் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆளை எடுக்கும் உரிமமே இருந்திருக்காது, இல்லையென்றால் அந்த வேலையின் சம்பளம் விசா வரம்பை எட்டியிருக்காது. இந்த இரண்டையுமே விண்ணப்பிக்கும் முன்பு, பைசா செலவில்லாமல், நீங்களே பார்த்துவிடலாம்.

ஸ்பான்சர்ஷிப் என்றால் ஏதோ கம்பெனி காட்டும் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். இன்னாரை இன்ன வேலைக்கு இன்ன சம்பளத்தில் எடுக்கிறோம், இதற்கு நாங்கள் பொறுப்பு என்று கம்பெனி அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் கிடையாது, அதற்குச் செலவும் உண்டு. பிரிட்டனை எடுத்துக்கொண்டால், உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே சிறிய நிறுவனம் 574 பவுண்டும் மற்றவை 1,579 பவுண்டும் கட்டணும் (2025 ஏப்ரல் நிலவரம்), பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு 525 பவுண்டு, அதற்கும் மேல் வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக அரசு வாங்குகிற, ஆண்டுக்கணக்கிலான ஒரு திறன் கட்டணம். உங்களைப் பேட்டி எடுத்த மேனேஜருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும், உரிமமே இல்லாத கம்பெனியில் ஹெச்ஆர் உங்கள் ஒருவருக்காக இதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பது அபூர்வம். அதனால் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

பட்டியலைத் திறந்து பாருங்கள்

பிரிட்டன் அரசின் தளத்தில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பதிவேடு இலவசமாகக் கிடைக்கிறது, அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். இறக்கி எக்செல்லில் திறந்தால் நிறுவனத்தின் பெயர், ஊர், கவுன்டி, தரம், விசா வழி என்று சில பத்திகள்தான் இருக்கும். விசா வழி என்ற பத்தியில் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ (திறன்சார் வேலைக்கான விசா) என்பதை மட்டும் வடிகட்டுங்கள். தரத்தில் ‘ஏ’ இருக்க வேண்டும். ‘பி’ தரத்துக்கு இறங்கியவர்கள் அதைச் சரிசெய்யும் வரை புதிய ஆட்களுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இன்னொரு விஷயம், அதில் இருப்பது சட்டப்படி பதிவான பெயர். கடைப் பலகையிலும் இணையதளத்திலும் இருக்கிற பெயர் வேறாக இருக்கலாம், எனவே தேடிக் கிடைக்கவில்லை என்றால் அவர்கள் தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிவுப் பெயரை எடுத்துத் தேடுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் ஸ்பான்சர் செய்தே ஆவார்கள் என்று அர்த்தமில்லை. எப்போதோ ஒருவருக்காக உரிமம் வாங்கிவிட்டு அதோடு விட்டவர்களும் அதில் உண்டு. என்னைக் கேட்டால், பெயர் கேட்டதும் எல்லோரும் முண்டியடிக்கிற பெரிய நிறுவனங்களைவிட, பதிவேட்டில் இருந்துகொண்டு உங்கள் துறையில் இப்போது இரண்டு மூன்று இடங்களுக்கு ஆள் தேடுகிற நடுத்தரக் கம்பெனிகளில் நேரத்தைச் செலவிடுவது மேல். அங்கே விண்ணப்பங்கள் குறைவு, ஆள் கிடைக்காத அவசரம் அதிகம்.

மற்ற நாடுகளிலும் இதே மாதிரித் தகவல் வெளியில்தான் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நெதர்லாந்தின் குடிவரவுத் துறையான ஐஎன்டி, அங்கீகரித்த ஸ்பான்சர்களின் பதிவேட்டை வெளியிடுகிறது. நியூசிலாந்தில் அங்கீகாரம் பெற்ற முதலாளிகளின் பட்டியல் குடிவரவுத் தளத்திலேயே உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறை இன்னும் ஒரு படி மேலே போய், எச்-1பி என்ற வேலை விசாவுக்காக எந்த நிறுவனம் எந்த வேலைக்கு எந்த ஊரில் எவ்வளவு சம்பளம் காட்டி மனுப் போட்டது என்ற கோப்பைக் காலாண்டுக்கு ஒரு முறை பொதுவில் வைக்கிறது. சம்பளம் பேசும்போது இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

ஜெர்மனியில் கதையே வேறு. அங்கே ஸ்பான்சர் உரிமம் என்று தனியாக ஒன்று தேவையில்லை, உங்கள் பட்டமும் சம்பளமும் பொருந்தினால் போதும். ப்ளூ கார்டு என்கிற, திறன்சார் வேலைக்கான குடியிருப்பு அனுமதிக்கு ஆண்டுச் சம்பள வரம்பு 2025-இல் 48,300 யூரோ, ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகளுக்கு 43,759.80 யூரோ, ஆண்டுதோறும் இது மாறும். உங்கள் பல்கலைக்கழகம் அங்கே எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை ‘அனாபின்’ என்ற தரவுத்தளத்தில் பாருங்கள், ‘எச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு) என்று இருந்தால் நிம்மதி. ஐடி ஆட்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: பட்டம் இல்லாவிட்டாலும் கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு பொருத்தமான அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டுக்குப் போகலாம்.

குறியீடும் சம்பளமும் பொருந்துகிறதா

அடுத்து, வேலைக் குறியீடு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிரிட்டனில் ஒவ்வொரு தொழிலுக்கும் 4 இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு 2134. உங்கள் பதவிக்கு விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, அன்றாடம் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் குறியீடு. 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலைக்குச் சமமான வேலைகள்தான் பொதுவாக ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குள் வரும், சில விதிவிலக்குகள் தவிர. பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. அந்தக் குறியீட்டுக்கென்று தனியாக அரசு வகுத்த ஒரு வழக்கச் சம்பளமும் இருக்கிறது, இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கம்பெனி கொடுத்தாக வேண்டும். வயது 26-க்குக் கீழே இருப்பவர்கள், அங்கேயே படித்து முடித்தவர்கள் போன்றோருக்கு வரம்பு 33,400 வரை இறங்கும்.

அதனால் விளம்பரத்தில் 35,000 பவுண்டு என்று போட்டிருக்கிற வேலைக்கு, உங்களுக்குச் சலுகை எதுவும் பொருந்தாது என்றால், விண்ணப்பிப்பது வீண் வேலை. அவர்கள் மனது வைத்தாலும் சட்டம் இடம் கொடுக்காது. 40,000-இலிருந்து 48,000 வரை என்று போட்டிருந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் வழக்கச் சம்பளத்தையும் பார்த்துவிட்டு, எந்தத் தொகைக்குக் கீழே போனால் விசா கிடைக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ரெஸ்யூம் எழுதும்போது அந்தக் குறியீட்டின் கீழ் அரசு பட்டியல் போட்டிருக்கிற பணிகளை ஒரு முறை படியுங்கள். நீங்கள் உண்மையில் செய்த வேலையை அதே மாதிரி தெளிவாக எழுதினால், ஹெச்ஆருக்கு உங்களை எந்தக் குறியீட்டில் போடுவது என்ற தலைவலி குறையும். செய்யாததைச் சேர்க்காதீர்கள், அனுபவச் சான்றிதழோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள், பொய்த் தகவல் என்று ஒரு முறை நிராகரித்துவிட்டால் வருடக்கணக்கில் தடை விழும்.

டாக்டர், நர்ஸ், ஆசிரியர் மாதிரி ஒழுங்குமுறை உள்ள தொழில்களில் இருப்பவர்கள் வேலை தேடுவதற்கு முன்பே அந்நாட்டுப் பதிவுக்கான வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பிரிட்டனில் நர்ஸ் என்றால் என்எம்சி என்ற நர்சிங் கவுன்சிலில் பதிவு, அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வு. இந்த இடத்தில் அவசரப்பட முடியாது.

எப்போது, எப்படிக் கேட்பது

ஆன்லைன் விண்ணப்பத்தில் ‘இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா’ என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று போட்டால் சில கம்பெனிகளில் கணினியே உங்களைக் கழித்துவிடும். அதற்காக இல்லை என்று போடாதீர்கள். கடைசிச் சுற்று வரை போய்விட்டு அங்கே உண்மை தெரிந்தால் கதவு ஒரேயடியாக மூடிக்கொள்ளும். இந்தக் கேள்வி உங்களைக் கழிக்கும் என்று தெரிந்தால் படிவத்தோடு நிறுத்தாமல், அந்தக் குழுவின் மேனேஜருக்கோ உள்ளே வேலை செய்கிற ஒருவருக்கோ நேரடியாக ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். வேலை கேட்டு அழுகிற செய்தி வேண்டாம். இப்படி இருக்கலாம்:

‘உங்கள் குழு பேமென்ட் சிஸ்டத்தை மாற்றி எழுதுவதாக விளம்பரத்தில் பார்த்தேன். கடந்த 4 ஆண்டுகளாக அதே வேலையைத்தான் செய்கிறேன், முதல் பக்கத்தில் சுருக்கம் இருக்கிறது. எனக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா தேவை. உங்கள் நிறுவனம் ஸ்பான்சர் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்தேன், இந்த வேலை 2134 குறியீட்டில் வரும், விளம்பரத்தில் உள்ள சம்பளம் அதற்குப் போதும். பேச நேரம் கிடைக்குமா?’

படிக்கிறவர் ஹெச்ஆரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு நீங்களே பதில் கொடுத்துவிட்டீர்கள். அதுதான் விஷயம். முதல் ஹெச்ஆர் அழைப்பிலேயே விசாவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், ஆனால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புங்கள். மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசாதீர்கள்.

காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் திறன் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது, 2024 டிசம்பர் 31 முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் சான்றிதழ் கட்டணத்துக்கும் அதே விதி. கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி அரசிடம் போடும் எல்எம்ஐஏ விண்ணப்பத்துக்கான 1,000 டாலரை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் திருப்பி வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். நீங்கள் நியாயமாகக் கட்ட வேண்டியது உங்கள் விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, பிரிட்டன் என்றால் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம், இவைதான். இதிலும் ஒரு பகுதியைப் பல கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வருவது, ஜிமெயில் முகவரியிலிருந்து ஹெச்ஆர் எழுதுவது, எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே நடப்பது, இன்றைக்கே முன்பணம் கட்டவில்லை என்றால் இடம் போய்விடும் என்பது, இதில் ஒன்று இருந்தாலும் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். அவர்கள் அனுப்பிய எண்ணுக்கு அல்ல.

அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை

எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச்சில் பதிவு, குலுக்கலில் தேர்வானால் அக்டோபர் 1-இலிருந்து வேலை. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து எடுக்கிற புதிய ஆட்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வேறு வந்தது. வெளியிலிருந்துகொண்டு நேராக இந்த வழியை நம்பியிருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பன்னாட்டு நிறுவனத்தின் கிளையில் இங்கேயே சேர்ந்து, குறைந்தது ஓராண்டு வேலை பார்த்து, மேலாளராகவோ அந்த நிறுவனத்துக்கே உரிய நுட்பம் தெரிந்தவராகவோ எல்-1 விசாவில் மாற்றலாகிப் போவது எவ்வளவோ பரவாயில்லை. அதற்குக் குலுக்கலும் கிடையாது.

வேலை கையில் இல்லாமலே போய்த் தேட விரும்பினால் ஜெர்மனியின் ‘சான்சன்கார்ட்டே’ இருக்கிறது, 2024 ஜூனில் வந்தது. புள்ளி முறையில் 6 புள்ளி சேர்த்தால் ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். கையில் சேமிப்பு இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

ஆஃபர் வந்த பிறகு

ஆஃபர் லெட்டர் வந்ததும் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். விசா கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம் எழுதினால் போதும், நோட்டீஸ் காலத்தை முன்கூட்டியே புதிய கம்பெனியிடம் சொல்லி வையுங்கள். ஒப்பந்தத்தில், இத்தனை ஆண்டுக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா, எந்தச் செலவு, மாதா மாதம் அந்தத் தொகை குறையுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிரிட்டன் சான்றிதழ் என்பது காகிதம்கூட இல்லை, கணினியில் இருக்கும் பதிவும் அதற்கு ஒரு எண்ணும்தான். கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பு அதில் உள்ள விவரங்களை அனுப்பச் சொல்லி வரி வரியாகப் பாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி, குறியீடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம். வங்கியில் 1,270 பவுண்டு 28 நாள் தொடர்ந்து இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கும், கம்பெனியே அதற்கு உறுதி கொடுத்துவிட்டால் தேவையில்லை, அதற்கான பெட்டியை டிக் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் விசா அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டதுதான். வேலை போனால், வேறு ஸ்பான்சரைப் பிடிக்கவோ கிளம்பவோ பிரிட்டனில் பொதுவாக 60 நாள் கெடு, அமெரிக்காவில் எச்-1பிக்கும் அதிகபட்சம் 60 நாள், ஆஸ்திரேலியாவில் ஒரே மூச்சில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. பிரிட்டனில் வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் அவர்கள் புதிய சான்றிதழ் கொடுத்து, நீங்கள் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் சேர முடியும். சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்த நகலையும் கம்பெனி லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான்.